முதலில் உயர்ந்த கை

14 ஜனவரி 2025
முதற்செயலாளர் வேடம் எனக்கில்லை. மிதுசனுக்கு.

அந்தச் சோவியத் தலைவரின் வீழ்ச்சி. இரண்டு வருடம் வாசித்து நான் எழுதிய நாடகம். ஒவ்வொரு வரியும் என் வாய்க்கென்றே எழுதியது.

நெறியாளர் தக்ஷாயினி அக்கா சொன்னார்: "கஜன், நீ நல்லாக் கதைக்கிறாய். அவன் பயந்து பயந்து கதைக்கிறான். எனக்குப் பயந்தவன்தான் வேணும்."

மிதுசன் இங்கே, ஸ்டோவ்னரில் பிறந்தவன். தமிழ் வசனத்தை நோர்வேஜிய எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறான்.

2 பெப்ரவரி
எனக்கு நண்பன் வேடம். தலைவரை நீக்க மத்திய குழுவில் வாக்கெடுப்பு. ஏழு கைகள் உயரும். நண்பன் தயங்கி, கடைசியாக உயர்த்துவான். "நீ தயங்கினாய், அது போதும்" என்று தலைவரின் உரை தொடங்கும். நான் எழுதியதிலேயே சிறந்த பக்கம்.

"அண்ணா, தயங்கிறது எண்டா என்ன?" மிதுசன் கேட்டான்.

விளக்கினேன். அடுத்த தடவை அவன் அந்த வரியைச் சொன்னபோது, உடை தைத்துக்கொண்டிருந்த கம்சிகா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்காக எவரும் ஊசியை நிறுத்தியதில்லை.

19 பெப்ரவரி
பொறாமை. எழுதிப் பார்த்தேன். சின்னச் சொல்தான்.

15 மார்ச், சனி
அரங்கு நிறைந்திருந்தது. வாக்கெடுப்புக் காட்சி. என் கை முதலில் உயர்ந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா? ஏலாது. வேணுமெண்டுதான் தூக்கினனான். அந்த உரை அவனுக்குக் கிடைக்கக் கூடாது — அவ்வளவுதான்.

நண்பன் தயங்கவில்லை. உரைக்கு இனி இடமில்லை.

மிதுசன் என் கையையே பார்த்தான். பிறகு எண்ணத் தொடங்கினான். "ஒண்டு." மற்றக் கைகள் ஒவ்வொன்றாக உயர, எட்டு வரை. கடைசியில் தன் கையையும் உயர்த்தினான். "ஒம்பது. ஏகமனதாக."

'ஏகமனதாக' என்பது வாக்கெடுப்பை நடத்துபவருக்கு எழுதிய வசனம். அதையும் அவனே சொன்னான்.

பிறகு சனம் எழுந்து நின்று கைதட்டியது.

16 மார்ச்
நேற்று நானும் மிதுசனும் ஒரே ரயிலில் திரும்பினோம்.

"அண்ணா, மறந்திட்டீங்களோ?"

"ஓம்."

ஹவுகெட்டோ நிலையத்தில் இறங்கும்போது சொன்னான்: "உங்கட கை நடுங்கேல்லையே அண்ணா."

5 ஏப்ரல்
அடுத்த மாதம் பேர்கன் நகரில் மேடையேற்றம். பிரதியைத் திருத்தித் தரச் சொன்னார் அக்கா. "அந்த உரை இனி வேண்டாம் கஜன். உனக்கே தெரியும்."

தெரியும். என் பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். அவன் எண்ணியதை எழுதினேன். முன்பக்கத்தில், 'எழுத்து' என்ற இடத்தில், என் பெயருக்குக் கீழே அவன் பெயரையும்.

யாரும் அப்படி எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. மனம் இன்னும் எரிகிறது. எழுதிவிட்டேன்.