தொண்ணூற்றெட்டு சதவீதம்

மார்ச் 3, திங்கள்
எங்கள் தொழிற்சாலைக்கு ஈஆர்பி வந்து ஒரு வருடம் ஆகிறது. கொள்முதல், கிடங்கு, உற்பத்தி எல்லாம் ஒரே மென்பொருளில். அது வெற்றியா இல்லையா என்று அளந்து சொல்ல வேண்டியது நான். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சரி என்றேன்.

மார்ச் 7, வெள்ளி
கிடங்கில் எண்ணிப் பார்த்தேன். திரையில் 412 பேரிங், அலமாரியிலும் 412. மொத்தத்தில் 98 சதவீதம் பொருந்துகிறது. இவ்வளவு பொருத்தமாக எதையும் நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.

மார்ச் 12, புதன்
காரணம் தெரிந்துவிட்டது. கிடங்கு அண்ணனின் இழுப்பறையில் ஒரு நீல நோட்டு. பொருள் எடுக்க வருகிறவர்கள் அவசரத்தில் கணினியில் தப்புத் தப்பாகப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் உள்ளதை உள்ளபடி நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். ஒரு வருடமாக!

“இத எழுதிடாதம்மா. வயசானவனுக்குக் கம்ப்யூட்டர் வரலன்னு அனுப்பிடுவாங்க.”

சரி என்றேன்.

மார்ச் 14, வெள்ளி
அறிக்கை கொடுத்தாயிற்று. வெற்றி.

மார்ச் 31, திங்கள்
எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறதாம், கிடங்குக்குத் தனியாக ஆள் வேண்டாமாம். என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்த 98 சதவீதத்தைக் காட்டி அண்ணனை அனுப்பிவிட்டார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம் — திறந்தேனா? போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்தார். “நான் கேட்டதத்தானம்மா நீ செஞ்ச.” திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் இவர் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்
திரையில் 380 பேரிங். அலமாரி காலி. எந்திரம் நாலு மணி நேரம் நின்றது.

ஏப்ரல் 30, புதன்
பொருத்தம் 61. மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. எண்ணியது போதும், யார் யார் எத்தனை முறை மென்பொருளுக்குள் போகிறார்கள் என்று அளந்தால் போதும் என்றார். அளந்தேன். போன மாதத்தைவிட அதிகம். முதலிடம் கிடங்கு அண்ணனுக்கு.

அவர் பாஸ்வேர்டை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதையேதான் அடிக்கிறார்கள்.

மாதத்தின் சிறந்த பயனாளர் சான்றிதழை மென்பொருள் அவர் பெயரிலேயே அச்சடித்துத் தள்ளிவிட்டது. மேனேஜர் கிழித்துப் போடச் சொன்னார். சரி என்றேன்.

கிழிக்கவில்லை. என் இழுப்பறையில், நீல நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.