தங்கையின் கோப்பினைக் காத்துத் தரக் கோரி

அனுப்புநர்:
தையல் கடை நடத்துபவர்,
தபால் அலுவலகத்துக்கு எதிர்ச்சந்து, இரண்டாம் கடை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
இலவசச் சட்ட உதவி அலுவலகம்.

பொருள்: குழந்தைகள் காப்பகத்தில் நானும் என் தங்கையும் பட்ட கொடுமைக்கு வழக்குத் தொடரவும், எங்கள் பதிவேடுகளைப் பெறவும் வழக்கறிஞர் ஒருவரை நியமிக்க வேண்டுதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு முப்பத்தொன்பது வயது. தாய் இறந்தபின், ஏழு வயதில் நானும் நான்கு வயதில் என் தங்கையும் இந்நகரின் பெண் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டோம். எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

2. காப்பாளரைப் பெரியம்மா என்று அழைக்க வேண்டும் என்பது அங்கே விதி. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளை அவர் துணி துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டுவார். வாரத்தில் பாதி நாள் என் தங்கை அங்கேதான் கிடந்தாள். கதவைத் திறக்கச் சொல்லி ஒருநாள் அவர் சேலையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் இடக்கையை முறுக்கி முறித்தார். அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

3. எனக்குப் பத்து வயதானபோது, ஒரு காலையில் தங்கையின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "உங்க சித்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. இனிமே அவ பேச்சை எடுக்கக் கூடாது" என்றார் காப்பாளர். எங்களுக்குச் சித்தி கிடையாது. ஆயினும் நம்பினேன். என்னை மட்டும் ஏன் விட்டுப் போனாள் என்று, இல்லாத அந்தச் சித்தியின் மேல் பல ஆண்டுகள் கோபமாக இருந்தேன்.

4. சென்ற ஆண்டு எங்கள் கோப்புகளைக் கேட்டுக் காப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பித்தேன். மழையில் நனைந்து எல்லாம் அழிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் துணி தைக்க வந்தபோது, "கோப்பு வெச்ச அலமாரி நாலும் அப்படியே இருக்கும்மா. சாவி பெரியம்மா கைப்பையிலதான்" என்றார். அவர் சொன்னதாகக் குறிப்பிடாமலே மீண்டும் எழுதினேன். என் கோப்பின் நகலென்று பதினொரு தாள்கள் வந்தன. கடைசித் தாளின் எண் முப்பத்து நான்கு. என் கை முறிந்ததற்கு, "மாடிப்படியில் தவறி விழுந்தாள்" என்று குறிப்பு. அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

இரண்டு வாரம் கழித்துச் சமையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. எங்கே போனார் என்று பக்கத்து வீட்டார் சொல்லவில்லை.

5. காப்பாளர் இப்போது காப்பகத்தின் தலைவர். சென்ற வாரம் என் கடைக்கே வந்தார். அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, "பழசைக் கிளறி என்னடி ஆகப்போகுது? உன் பொண்ணு நாலு மணிக்குத்தானே பள்ளிக்கூடம் விட்டு வரா? தனியாவா வரா?" என்று அன்பாகக் கேட்டார். காவல் நிலையத்தில் சொன்னேன். "நலம் விசாரிச்சது ஒரு குத்தமாம்மா?" என்றார்கள். நான் அமர்த்திய வழக்கறிஞர் மறுநாளே காகிதங்களைத் திருப்பித் தந்தார்.

6. ஐயா, வந்த பதினொரு தாள்களில் ஒன்று என்னுடையது அன்று. தவறிச் சேர்ந்திருக்க வேண்டும். அது என் தங்கையின் மருத்துவக் குறிப்பு. அவள் சித்தியோடு போனதாகச் சொல்லப்பட்ட நாளுக்கு ஏழு வாரம் பிந்திய தேதி. பார்த்த இடம்: காப்பகம். "எடை பதினொரு கிலோ. எழுந்து நிற்க இயலவில்லை. அக்காவைக் கேட்கிறாள்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அந்த ஏழு வாரமும் நான் அதே கட்டடத்தில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன்.

7. வரும் வெள்ளிக்கிழமை பழைய காகிதங்களை அரவை ஆலைக்கு ஏற்றுவதாகக் காப்பக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே தாங்கள் உடனே வழக்கறிஞரை நியமித்து, வெள்ளிக்கு முன் நீதிமன்றத் தடை பெற்று, நான்கு அலமாரிகளுக்கும் முத்திரையிடச் செய்யுமாறும், என் மகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யுமாறும் பணிந்து வேண்டுகிறேன். அந்தக் குறிப்புக்கு அடுத்த பக்கம் எனக்கு வேண்டும், ஐயா. அதில் என்ன எழுதியிருந்தாலும் வாசிக்கத் தயாராக இருக்கிறேன்.

இடம்: என் கடை
நாள்: செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி

தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: மருத்துவக் குறிப்பின் நகல். எனக்கு வந்த தாளை நான் கடையிலோ வீட்டிலோ வைத்திருக்கவில்லை. எங்கே இருக்கிறதென்று தங்களிடம் நேரில் மட்டும் சொல்கிறேன்.