திருப்பிச் சொல்லாத அளவு

அன்புள்ள றோசலினுக்கு,

நேற்று சம்பூருக்கு அப்பால் காட்டுச் சரிவில், இந்த வயதில் நான் சேர்ந்த வனவியல் வகுப்பின் பயிற்சி நடந்தது. எங்கள் மகன் பாதியில் விட்ட படிப்பு. அவன் காணாமற்போன காடு.

ஒருவர் மரத்தை அளந்து சத்தமாகச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அடுத்த மரத்துக்குப் போகலாம்.

பள்ளப் பக்கம் நின்று ஒரு பாலை மரத்தை அளந்து சொன்னேன். பக்கத்துப் பற்றைப் புதருக்குள்ளிருந்து குரல் வந்தது: “மேட்டுப் பக்கம் நிண்டெல்லோ அளக்கோணும், அப்பா!”

என் அளவுகளை எழுதும் நிலுஷா அப்போதுதான் தண்ணீர்ப் போத்தலுடன் ஏறி வந்தாள். “ஆரோட ஐயா கதைக்கிறியள்? மரத்தோடயோ?” என்று சிரித்தாள்.

என் காது பிழையாக இருக்கலாம். ஆனாலும் மேட்டுப் பக்கம் நின்று அளந்தேன். அளவு மாறித்தான் இருந்தது. அதை நிலுஷாவிடம் சொல்லாமல் பற்றையைப் பார்த்துச் சொன்னேன். அவன் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை.

ஆகையால், அவனை இறந்தவனாகப் பதிய நீர் அனுப்பிய பத்திரத்தில் இப்போது என்னால் கையெழுத்திட ஏலாது.

உமது கணவன்