எந்தக் கை மேடம்?

மார்ச் 3, செவ்வாய்

வாங்கிவிட்டேன்! கடைசியில் வாங்கியே விட்டேன்! கைக்கடிகாரம்! பேட்டரி கிடையாது, கட்டியிருக்கும் கை அசைகிற அசைவிலேயே தானாக ஓடுமாம். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே பொன்னிறத் தகடு ஒன்று சுழல்வதைப் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

"என்னைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லையே" என்கிறார் கணவர். பொறாமை. இருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

முள் நகருகிற அழகே அழகு. வேறு செய்தி இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஒத்திகைக்குத் தாமதம். என் கடிகாரப்படி சரியாகத்தான் போனேன். உள்ளே பாட்டுக் குழு மொத்தமும் எழுந்து நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் பின்னால் ஓடியிருக்கிறது, கள்ளன்!

செயலாளர் அம்மா தனியே கூப்பிட்டார். "மாசக் கடைசியில கச்சேரி. அதுக்கப்புறம்தான் உங்களை வச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு. ஞாபகம் இருக்குல்ல?"

இல்லாமல்? 'தற்காலிகம்' என்பதை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதானே இந்தக் குழுவை நடத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும். அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு இழுக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறதே, அது வேறு எங்கே கிடைக்கும்?

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் தாமதம். மானம் போயிற்று. கனத்த குரலில் பாடும் குழாய் வேலைக்காரரை நாங்கள் 'இடி' என்போம். அவர் கேட்டார்: "ஏங்க்கா, இது மணி பாக்கவா, படம் காட்டவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். செயலாளர் அம்மா சிரிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சண்டை போடத் தயாராகத்தான் கடைக்குப் போனேன். கையுறை போட்ட ஒரு பெண் கடிகாரத்தை வாங்கி, அதன் துடிப்பைக் கேட்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு மேடம். அசைவு பத்தாம சோர்ந்து போகுது. உக்காந்தே பாக்குற வேலையா?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, நான் பாட்டுக் குழு நடத்துறேன். கையை ஆட்டுறதுதான் என் வேலையே!"

"எந்தக் கை மேடம்?"

வலது. தாளம் காட்டுவதெல்லாம் வலது. கடிகாரம் கட்டிய இடது கை, பாட்டு நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி மரக்கட்டையாக நிற்கும். கடையிலேயே சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. அவளும் சிரித்தாள்.

மார்ச் 16, திங்கள்

வலது கையில் கட்டிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் பட்டு அது மின்னியதில் முன்வரிசை கண்ணை மூடிக்கொண்டு பாடியது. வேண்டாம்ப்பா! இடது கைக்கே மாற்றினேன். நோட்டை முன்னாலிருந்த ஸ்டாண்டில் வைத்துவிட்டு அந்தக் கையையும் ஆட்டினேன். சும்மா, கடிகாரத்துக்காக.

கை மெல்ல இறங்கியது — குரல்களும் இறங்கின. ஐயோ! உள்ளங்கையைத் திருப்பித் தூக்கினேன் — கூட்டமே பொங்கி எழுந்தது! பயந்தே போனேன். "மெதுவா, மெதுவா" என்று இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேனே! இடது கையால் குரலை ஏற்றி இறக்குவது படித்ததுதான், தெரியாததா? நோட்டை விட்டால் பாட்டு மறந்துவிடும் என்ற பயம். வேறென்ன?

மார்ச் 20, வெள்ளி

வீட்டிலும் ஆட்டுகிறேன். "யாராவது வந்தா, வெளிய போன்னு நீ சொல்றதா நெனச்சுக்கப் போறாங்கடி" என்கிறார் இவர். கடிகாரம் இப்போது ஒழுங்குப் பிள்ளை.

மார்ச் 28, சனி

கச்சேரி. கடைசிப் பாட்டின் கடைசி வரியை இடது கையால் தணித்துக்கொண்டே போனேன். இன்னும், இன்னும் — மூச்சளவுக்கு. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. அப்புறம் கைதட்டல். அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. மணி பார்க்கத் தோன்றவே இல்லை.

மார்ச் 30, திங்கள்

செயலாளர் அம்மா எல்லார் முன்னாலும் என் இடது கையைப் பிடித்தார். "இதை இத்தனை நாளா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையில் ஒத்திகை அறையின் சாவியை வைத்தார். நிரந்தரமானவர்களிடம் மட்டும்தான் அதைக் கொடுப்பார்களாம். 'இடி' போட்ட விசிலில் காது இன்னும் அடைத்திருக்கிறது.

வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் நானே கதவைத் திறக்க வேண்டும்.