உப்பு குறைவு

அன்புள்ள அப்பா,

சமையல் பழகிவிட்டது. அரிசி, பருப்பு, ஒரு கேரட், எல்லாம் ஒரே குக்கரில் மூன்று விசில். மாதக் கடைசியில் கேரட் மட்டும் இருக்காது.

நேற்று கை தவறி அரிசி அதிகம் விழுந்துவிட்டது. குக்கரோடு போய், பக்கத்து அறையில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற அக்காவின் கதவை முதன்முறையாகத் தட்டினேன்.

"நான் சாப்பிட்டாச்சும்மா" என்றவர், குக்கரைப் பார்த்ததும், "இரு, தட்டு எடுத்துட்டு வரேன்" என்றார்.

ஒரு வாய் வைத்ததும், "என்னம்மா, உப்பே இல்ல!" என்றார். இந்த ஊருக்கு வந்த நான்கு மாதமாக என் சமையலைக் குறை சொல்லக்கூட ஆளில்லை. சிரிக்கப் போய்க் கண் கலங்கிவிட்டது.

அம்மா போனபின், என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் போனில் கேட்கிறேன். யாரோடு சாப்பிட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை, அப்பா.

உங்கள் மகள்