சிவப்பாகத் தெரிந்த காடு

டீச்சர்,

சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவியும் உண்ணிச்செடி வாசம் விரலை விட்டுப் போகவில்லை. இன்று பிள்ளைகளை ஆனைகட்டிப் பக்கம் காட்டுக்குக் கூட்டிப்போய் வந்தேன். நீங்கள் இல்லாமல் நடந்த முதல் காட்டு வகுப்பு.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் புவியியல் வகுப்பு என் தலையில் விழுந்தது. நானோ வரலாற்றுக்காரி. உங்களோடு வந்த வருஷங்களில் பிள்ளைகளைத் தலை எண்ணுவதுதான் என் வேலை. "ஏனுங்க வரலாறு, யானை வந்தா எந்த ராஜாவோடதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வீர்கள். எனக்குக் கோபம் வரும், அதிலேயே யானைப் பயம் போய்விடும். நம் சோமனூர்ப் பிள்ளைகள் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள், காட்டுக்குள்ளும் அதே குரல்தான். "இங்க தறி ஓடலீங்க சாமி, மெதுவாப் பேசுங்க" என்பீர்கள்.

செயற்கைக்கோள் படத்தை வகுப்பில் முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறது. மலையடிவாரமே சிவப்பாக இருந்தது. காடு பற்றி எரிகிறதா என்று பிள்ளைகள் பதறினார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை இலை திருப்பி அனுப்புகிறது, அதைத்தான் படத்தில் சிவப்பாகக் காட்டுகிறார்கள் என்று விளக்கினீர்கள். நல்ல சிவப்பாக இருந்த ஓர் இடத்தை வட்டமிட்டு, இதுதான் அடர்ந்த காடு, நேரில் பார்க்கப் போகிறோம் என்றீர்கள்.

போனால் அங்கே ஒரு மரம்கூட இல்லை. ஆள் உயரத்துக்கு, காட்டில் களையாய்ப் பரவும் உண்ணிச்செடிப் புதர்தான். தலைமையாசிரியர் வேறு கூட வந்திருந்தார். நானாக இருந்தால் பேச்சை மாற்றிப் பிள்ளைகளை வேறு பக்கம் நடத்தியிருப்பேன். நீங்கள் ஓர் இலையைப் பறித்துக் கசக்கி எல்லாரையும் முகரச் சொன்னீர்கள். பிறகு, "நான் தப்பாப் படிச்சுப்போட்டேன் கண்ணுகளா. எங்க தப்புனேன்னு நீங்களே சொல்லுங்க" என்றீர்கள். படத்தில் இலை தெரிகிறது, யாருடைய இலை என்று தெரியவில்லை என்றான் ஒருவன். அந்தப் பதிலுக்காகவே தலைமையாசிரியர் வருஷா வருஷம் அனுமதி கொடுத்தார். அந்த இடத்துக்கு மட்டும் நாம் மறுபடி போகவில்லை.

இப்போது தலைமையாசிரியர் புதியவர். எல்லாம் ஸ்மார்ட் போர்டிலேயே தெரிகிறதே, காடு எதற்கு என்றார். நியாயமான கேள்விதான். பதிலாக இந்தக் கதையைச் சொன்னேன். இந்த ஒருமுறை போய் வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் சொதப்பினால் உங்கள் வகுப்பு என்னோடு முடிந்துவிடும் என்று பயந்து, விடை தெரிந்த அதே இடத்தையே எடுத்துக்கொண்டேன். படத்தில் இன்னும் சிவப்புத்தான். இது காடில்லை, வெறும் உண்ணிச்செடி என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன்.

இன்று போய்ப் பார்த்தால், எப்போதோ புதரை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில்தான் கொஞ்சம் மிச்சம். மற்ற இடமெல்லாம் வேம்பும் புங்கனும் என்னைவிட உயரமாக நின்றன.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரி இல்லீங்க" என்றாள் ஒரு பெண்.

ஓரத்துச் செடியில் ஓர் இலையைப் பறித்துக் கசக்கினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "தப்பாப் படிச்சுப்போட்டேன் கண்ணு. எங்க தப்புனேன், சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "அப்போ பாத்தது இப்பவும் அப்படியே இருக்கும்னு நெனச்சுப்போட்டீங்க."

சாயங்காலம் தலைமையாசிரியரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் தானும் வருவதாகச் சொன்னார்.

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, டீச்சர். பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்க முடியும் என்பது உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இன்று நின்றேன்.

கை இன்னும் மணக்கிறது. இனிக் கழுவப்போவதில்லை.