நான் எழுதி, நானே அழிக்க முடியாத வரி

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு, உன் தங்கை ஸ்டெஃபி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், மாடு, கன்று யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறது. ராஞ்சியில் நீயும் உன்னோடு கன்னியாஸ்திரி பயிற்சிக்கான நவதுறவு இல்லத்தில் இருக்கிற மற்ற சகோதரிகளும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன். முதல் தாளில் இருப்பது வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, செவலை மாடு கிடாரிக் கன்று போட்டது, கேழ்வரகு அறுத்து முடித்தது, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் அதில் இருக்கிறது. இந்தத் தாள் அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கின பிறகு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன், அதனால் சில இடத்தில் வாக்கியம் பாதியில் நின்று வேறு மாதிரி தொடங்கும்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கிற மணிமேகலை டீச்சர் போன மாதம் எங்களை விக்கிப்பீடியாவில் எழுதச் சொன்னார்கள் அக்கா. அது யார் வேண்டுமானாலும் எழுதுகிற, யார் வேண்டுமானாலும் திருத்துகிற கலைக்களஞ்சியம், அவரவர் ஊரைப் பற்றி அவரவர் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள் என்றார்கள். நம் ஊருக்கு ஒரு பக்கம் இருந்தது, மொத்தமே இரண்டு வரி. எனக்கு ரோஷமாகிவிட்டது. தும்பைப்பூ என்று ஒரு பயனர் பெயர் வைத்துக்கொண்டு, அம்மா போனில் கணக்கு தொடங்கினேன். முதல் நாள், எங்கள் ஊர் மிகவும் அழகானது, மக்கள் பாசமானவர்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன், மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, இது விளம்பரம் போல இருக்கிறது என்று குறிப்பு மட்டும் இருந்தது. பிறகு திருவிழா மலரிலிருந்து பார்த்து எழுதினேன், அப்படியே படியெடுக்கக் கூடாது என்று அதையும் எடுத்துவிட்டார்கள். அழுகை வந்தது. மூன்றாம் முறை மணல்தொட்டியில் எழுதிப் பழகிவிட்டு வந்தேன், மணல்தொட்டி என்றால் தப்பாக எழுதினாலும் யாரும் கேட்காத பழகும் இடம். ஊர் எங்கே இருக்கிறது, ஏரியூருக்கு எவ்வளவு தூரம், என்ன விளைகிறது என்று எழுதியதெல்லாம் நின்றது. எனக்கு வந்த சந்தோஷம் உனக்குச் சொல்லி முடியாது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நம் மாதா கோயில் திருவிழாவில் கொடியை அப்பாதான் தூக்கிக்கொண்டு போவார், எங்க பாட்டன் குடுத்த மண்ணுல நிக்கிற கோயில் இது என்று ஒவ்வொரு வருஷமும் மைக்கில் சொல்வார். ஆனால் கொடிக்கயிறு மட்டும் காளியப்பன் மாமா வீட்டிலிருந்து மஞ்சள் தடவி வரும். அவர்கள் சாமி வேறு, கோயில் வேறு, ஆனாலும் கயிறு அங்கிருந்து வந்தால்தான் கொடி ஏறும். ஏன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மாவைக் கேட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாத, நிலம் காளியப்பன் வீட்டுத் தாத்தா குடுத்ததுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க என்றார்கள். அதைத்தான் எழுதினேன், ஒரே வரி. அறிவழகன் என்று ஒரு பயனர், எந்த ஊரோ தெரியாது, சான்று தேவை என்று அந்த வரிக்குப் பக்கத்தில் போட்டார். எழுதுகிறவர்கள் கேள்வி பதில் போட்டுக்கொள்ளப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, அங்கே போய் எங்க அம்மா சொன்னாங்க என்று எழுதினேன். அம்மா சொல்வது சான்றாகாது, அச்சில் வந்த நூல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று பொறுமையாகப் பதில் போட்டார். எனக்கு வெறியே வந்துவிட்டது. கோயில் கூட்டுகிற முறை எனக்கு வந்தபோது, பங்குச் சாமியார் அறை அலமாரியில் தேடி, அட்டை போன ஒரு பழைய பங்கு வரலாற்றுப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது அக்கா, கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பச்சியப்பன் என்கிற இந்து விவசாயி என்று. அவர்தான் காளியப்பன் மாமாவின் தாத்தா. நம் பாட்டன் பெயரும் இருக்கிறது, அஸ்திவாரத்துக்குத் தலையில் கல் சுமந்தவர்களில் முதல் பெயராக. புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டேன். அறிவழகன் நன்றி, அருமையான பங்களிப்பு என்று எழுதினார். அன்றைக்கு நான் ஒரு சுற்று பெருத்துவிட்டேன்.

போன ஞாயிறு விழாக் குழுக் கூட்டத்தில் மரிய ஆனந்த் சித்தப்பா, இந்த வருஷ மலரில் போட ஏதாவது கிடைக்குமா என்று போனில் தேடி, அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டார். அப்பா முகம் எப்படி ஆனது என்று சித்தப்பாவே வந்து அம்மாவிடம் சொன்னார். எவன்டா இதை எழுதுனது என்று அப்பா கேட்க, கூட்டம் மொத்தமும் காளியப்பன் மாமா மகன் பிரபாகர் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டது. அவர் பென்னாகரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார் அல்லவா, அவருக்குத்தானே இதெல்லாம் தெரியும் என்று. தும்பைப்பூவாம், பொம்பளப் பேருல ஒளிஞ்சிக்கிட்டு எழுதறான் பாரு என்று சித்தப்பா சிரித்திருக்கிறார். அதைவிடக் கொடுமை, நம்ம ஊட்டுப் பிள்ளைங்க யாராவது பண்ணியிருந்தா என்று யாரோ இழுத்ததற்கு, எம் பொண்ணு போனைக் கையிலயே தொடமாட்டா என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம்.

அன்றைக்கு இரவே அந்த வரியை அழித்தேன். காலையில் திரும்பி வந்திருந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. சான்றுள்ள தகவலை ஏன் நீக்குகிறீர்கள், காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் கூறுங்கள் என்று அறிவழகன்தான் கேட்கிறார், அதே பொறுமையோடு. என்ன காரணம் சொல்லட்டும்? எங்க அப்பா திட்டுவார் என்றா? சான்று இல்லை என்று அழவைத்ததும் அவர்தான், சான்று இருக்கிறது என்று அழவைப்பதும் அவர்தான். அவர்மேல் தப்பில்லை என்று தெரிகிறது, அதனால் இன்னும் எரிச்சல் வருகிறது. நான் எழுதிய வரி, நான் நினைத்தால் எடுக்க முடியாது என்று எந்த டீச்சரும் சொல்லித் தரவில்லை. அழித்தால்கூட வரலாறு என்கிற இடத்தில் எந்த நாள் எந்த நேரம் யார் எழுதினார், யார் அழித்தார் எல்லாம் வரிசையாக நிற்கிறது. சித்தப்பா அதையும் பார்த்துவிட்டு, பயந்துபோய் அழிக்கப் பார்க்கறான், அவனேதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த வருஷம் உங்க வூட்டுக் கயிறு வேண்டாம் என்று அப்பா காளியப்பன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் குழுவில் எல்லோரும் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்களாம், பிரபாகர் அண்ணன் ஒப்புக்கொள்ளாவிட்டால் கடை முதலாளியிடம் போய்ச் சொல்வார்களாம். அந்தக் கடையில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நேற்று தண்ணீர்க் குழாய்க்கு வந்த காளியப்பன் மாமா வீட்டுச் செல்லம்மாள் அத்தை நம் வாசலில் நின்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, எங்க சாமி மேல ஆணையா அவன் எழுதலைங்க லூர்தக்கா, அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, முதலாளி நிறுத்திட்டா எம் பையன் எங்க போவான் என்று அழுதார்கள். அம்மா காப்பி கலந்து கொடுத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, எழுதறதை எழுதிட்டு வாசல்ல வந்து கண்ணீர் விடறாங்களா என்று கேட்டார், அத்தை பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதே நான் வெளியே வந்திருக்க வேண்டும்.

அப்பா அடிப்பார் என்று பயமில்லை அக்கா. ப்ளஸ் டூ முடித்து சேலத்தில் காலேஜ் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது போய்விடுமோ என்று பயம். எம் பொண்ணு தொடமாட்டா என்று சொன்ன வாயோடு கூட்டத்தில் எப்படி நிற்பார் என்று பயம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் அம்மா பெயர் வரும், அதுவும் பயம். நீ இங்கே இருந்தால் முதலில் உன்னிடம் சொல்லியிருப்பேன், உன் இல்லத்தில் போன் கிடையாது, கடிதம் வந்து சேர எட்டு நாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு எழுதின பிறகுதான் உறைக்கிறது, நீ இதைப் பிரிக்கும்போது ஞாயிறு முடிந்து போயிருக்கும், உன் யோசனை எனக்கு உதவாது.

அதனால் கேட்கவில்லை. நாளைக் காலையில் அப்பா பால் கறக்க உட்காரும்போது போய்ச் சொல்லப்போகிறேன். எழுதியது நான்தான், அம்மா சொன்னதை வைத்துத்தான் தேடினேன், புத்தகத்தில் இருப்பதையே எழுதினேன், பிரபாகர் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று நாலும் சொல்லிவிட வேண்டும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் படம் போனில் இருக்கிறது, பாட்டன் பெயர் இருக்கிற வரியையும் காட்டுவேன், பார்ப்பாரா தெரியாது. சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிற வழியில் இந்த உறையைத் தபால் பெட்டியில் போடுவேன். சொல்லாவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு அம்மாவின் தாளை மட்டும் அனுப்புவேன். ஆகவே அக்கா, இது உன் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்லிவிட்டேன்.

அம்மாவும் அப்பாவும் உனக்குச் சொன்ன ஆசீர்வாதம் முதல் தாளின் கடைசியில் இருக்கிறது, அதில் எதுவும் மாறவில்லை. உன் இரவு ஜெபத்தில் செல்லம்மாள் அத்தை வீட்டையும் சேர்த்துக்கொள். பதிலை அம்மா பெயருக்கே போடு, ஆனால் திட்டாமல் எனக்கும் இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
பயந்துகொண்டே எழுதும் உன் தங்கை,
ஸ்டெஃபி
வியாழன் இரவு